'காண்க': செப்பேடு முதல் அடிக்குறிப்பு வரை ஒரு புலனறி வினையின் எழுத்து வரலாறு

முன்னுரை

தமிழ் ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் மிகுதியாக வரும் வினை 'காண்க' என்பதாகும். ஆங்கில ஆய்வெழுத்தில் வரும் 'சீ' என்னும் வினையின் மொழிபெயர்ப்பாகவே இதனைக் கருதுவோர் உளர். அக்கருத்துக்கு ஓரளவு இடமும் உண்டு. ஆங்கிலத்தில் 'சீ' என்பது கண்ணின் செயலை மட்டும் உணர்த்துவதில்லை. எழுத்தில் அது வாசகரை வேறொரு பக்கத்துக்கோ நூலுக்கோ அனுப்பும் ஏவலாகவும் நிற்கிறது. அதற்கு முன்மாதிரியாக இருந்தது 'விடே' என்னும் இலத்தீன் ஏவல் வினை. ஆயினும் எழுதப்பட்ட ஒன்றை நோக்கி வாசகரைக் 'காண்க' என்று விளிக்கும் வழக்கம் தமிழில் அச்சுக்கும் ஆங்கிலத் தொடர்புக்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. அவ்வழக்கம் எவ்வெப்பொருளில் நின்றது, எதனை இழந்தது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

நாட்டார் கண்ட ஓலை

காரைக்காலை அடுத்த கசாக்குடியில் கிடைத்த செப்பேடு இரண்டாம் நந்திவர்மப் பல்லவனின் 22-ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. ஹுல்ட்சு பதிப்பித்த இச்செப்பேடு 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் இடம்பெற்றுள்ளது. இதன் வடமொழிப் பகுதி அரச மரபைப் புகழ்கிறது. தமிழ்ப் பகுதியோ நேராகச் செயலுக்கு வருகிறது. இது கோனோலை, ஊற்றுக்காட்டுக் கோட்டத்து நாட்டார் காண்க என்பதே அதன் தொடக்கம். பள்ளன்கோவில் செப்பேட்டின் தமிழ்ப் பகுதியும் இதே வாய்பாட்டைக் கொண்டது.

இங்குக் 'காண்க' என்பதன் செயப்படுபொருள் ஓலையே. அதில் சொல்லப்பட்ட செய்தியைப் படித்து அறிதல் என்ற பொருள் மட்டும் கொண்டால் அடுத்து வருவது விளங்காது. நாட்டார் திருமுகத்தைக் கண்டு, தொழுது, தலைமேல் வைத்து, பின்னர் எல்லை நடந்து கல்லும் கள்ளியும் நட்டனர் என்று ஆவணம் தொடர்கிறது. காணுதல் என்பது அரசாணையை எதிர்கொள்ளும் சடங்கின் முதற்படி. ஓலையைப் பெற்ற நாட்டார் அனைவரும் எழுத்தறிந்தவராக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் படிக்கப் பிறர் கேட்டிருந்தாலும் ஆவண மொழியில் அது 'காணுதல்' ஆகவே பதிவாகும். ஆணை கண்ணெதிரே வந்தது, இனி அறியோம் என்று சொல்ல இயலாது என்பதே அவ்வினையின் அழுத்தம்.

சோழர் காலத்தில் இவ்விளிமுறை பின்தங்குகிறது. முதலாம் இராசராசன் 21-ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை வழங்கியதைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேட்டில் ஆணையைப் பெறுவோர் 'நாட்டார்க்கும்', 'ஊர்களிலார்க்கும்', 'நகரங்களிலார்க்கும்' என நான்காம் வேற்றுமையில் அடுக்கப்படுகின்றனர். மறுபுறம், 'திருவாய்க்கேள்வி' என்னும் சொல் சோழர் ஆவணங்களில் இடம்பெறுகிறது. மன்னன் வாய்மொழியைக் கேட்டல் அரண்மனையில். அது ஓலையாகித் திருமுகம் என்ற பெயரோடு எதிர்கொள்ளப்படுதல் நாட்டில். ஆணை கிளம்பும் இடத்தில் செவியும் சேரும் இடத்தில் கண்ணும் பெயர் பெற்றிருப்பது தற்செயல் எனத் தோன்றவில்லை.

வியங்கோளும் வாசகரும்

'காண்க' இலக்கண வகையால் வியங்கோள். தன்மையிலும் முன்னிலையிலும் வியங்கோள் நிலைபெறாது என்பது தொல்காப்பிய வினையியலின் கருத்து. நன்னூல் அதனை எல்லா இடத்துக்கும் பாலுக்கும் உரியதாக்கியது. செப்பேட்டில் வருவது தொல்காப்பிய நெறிக்கு முற்றும் இயைந்தது. 'நாட்டார்' என்னும் படர்க்கை எழுவாய் வெளிப்படையாக உள்ளது. அரசன் நாட்டாரை நேரே விளிப்பதில்லை.

உரையாசிரியர்களின் எழுத்தில் அந்த எழுவாய் மறைந்துவிடுகிறது. யாப்பருங்கல விருத்தியிலும் யாப்பருங்கலக் காரிகையின் குணசாகரர் உரையிலும் எடுத்துக்காட்டுச் செய்யுளைத் தந்தவுடன் அதில் விதி 'வந்தவாறு கண்டுகொள்க' என்ற முத்திரை வரும். தொல்காப்பிய உரைகளிலும் 'காண்க', 'கண்டுகொள்க' என்பன மிகுதி. காண வேண்டியவர் யார் என்று உரை சொல்வதில்லை. 'மாணாக்கன்' என்று படர்க்கையை வருவித்தால் தொல்காப்பியம் காக்கப்படும். ஆனால் பயில்வோர் எவரும் தம்மை நோக்கிச் சொல்லியதாகவே அதனைக் கொள்வர். வியங்கோளுக்கு முன்னிலை இல்லை என்னும் நூற்பாவுக்கு உரை எழுதியவர்களும் இவ்வழக்கினின்று விலகவில்லை என்பது சுவையான முரண்.

பொருளும் மாறியது. இங்குக் காணப்படுவது ஆணை அன்று, சான்று. உரையாசிரியர் முடிவைக் கூறிவிட்டு, அதனைச் சரிபார்க்கும் பொறுப்பைப் பயில்வோரிடம் ஒப்படைக்கிறார். 'கொள்' என்னும் துணைவினை அப்பொறுப்பை மேலும் அழுத்துகிறது. இந்நூல்களில் 'உணர்க', 'அறிக', 'கொள்க', 'என்க' ஆகியனவும் பயில்கின்றன. இவை ஒன்றுக்கொன்று பதிலி அல்ல. விளக்கத்தால் தெளிய வேண்டியது 'உணர்க' என்றும், முடிவாக ஏற்க வேண்டியது 'கொள்க' என்றும் வரும். எடுத்துக்காட்டு கண்முன் கிடக்கும்போதே 'காண்க' பெரிதும் வருகிறது. விதிவிலக்குகள் இருப்பினும் போக்கு இதுவே.

இதே 'காண்' வினைப்பொருளை உதறி, கேட்போரை ஈர்க்கும் முன்னிலை அசையாகவும் நின்றது. திருவதிகையோடு வாழ்வு பிணைந்த அப்பரின் திருத்தாண்டகங்கள் சிலவற்றில் அது அடிதோறும் ஒலிக்கிறது. அது பாடலின் வழக்கு. எழுத்தில் சான்றுகாட்டும் 'காண்க' தன் பொருளை இழக்கவில்லை.

பக்க எண்ணின் வரவு

உரையாசிரியர் தம் நூலின் வேறோர் இடத்தைச் சுட்டும்போது 'காண்க' என்பதைவிடச் சொல்லுதல் வினைகளையே நாடினர்: 'மேற்கூறிய', 'முன்னர்க் கூறினாம்'. இதற்குப் பருப்பொருட் காரணம் உண்டு. ஏட்டுக்கு ஏடு எழுத்தளவும் வரியளவும் வேறுபட்டமையால் இன்ன இடம் என்று கண்ணுக்குக் காட்ட இயலாது. நூற்பா ஒன்றே நிலையான அடையாளம். ஒரு பதிப்பின் படிகள் அனைத்திலும் பக்க எண்ணை ஒன்றாக்கியது அச்சு. அதன் பின்னரே 'பக்கம் 40 காண்க' என்ற தொடர் பொருளுடையதாயிற்று. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஒரு சொல்லிலிருந்து மற்றொரு சொல்லுக்கு அனுப்ப ஆங்கிலச் 'சீ'யையே பயன்படுத்தியது. அகராதி வழியாகவும் ஆய்வுப் பயிற்சி வழியாகவும் ஆங்கிலத்தின் செல்வாக்கு 'காண்க' மீது படிந்ததை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஆங்கிலத்தில் 'சீ' ஒரு கட்டுக்குள் இயங்குகிறது. அமெரிக்கச் சட்ட எழுத்தின் மேற்கோள் நெறிநூலான 'புளூபுக்' காட்டும் முறைப்படி, சான்று ஒரு கருத்தை நேராகச் சொன்னால் முன்சொல் எதுவும் வேண்டா. நேராகச் சொல்லாமல் தெளிவாகத் துணைநின்றால் மட்டுமே 'சீ' வரும். ஒப்பிட வேண்டுமாயின் 'சி.எஃப்.' என்ற இலத்தீன் சுருக்கம் தனியே உண்டு. இன்றைய தமிழ் ஆய்வேட்டில் நேர்ச்சான்று, துணைச்சான்று, ஒப்பீடு, கூடுதல் வாசிப்பு ஆகிய நான்குக்கும் 'காண்க' ஒன்றே போதுமானதாகிவிட்டது. உரையாசிரியர் எடுத்துக்காட்டைத் தந்துவிட்டுக் 'காண்க' என்றார். ஆய்வாளரோ பக்க எண்ணை மட்டும் தந்து, சான்று எவ்வகையில் பொருந்துகிறது என்பதைச் சொல்லாது விடுகிறார். மேற்கோளைச் சரிபார்க்க முனையும் நெறியாளருக்கு இது நடைமுறைச் சிக்கல். 'ஒப்புநோக்குக' என்ற சொல் கைவசம் இருந்தும் அருகியே ஆளப்படுவது வியப்புக்குரியது.

அலுவலகத்துப் 'பார்வை'

மொழிபெயர்ப்பால் மட்டும் விளக்க இயலாத ஒரு வழக்கு ஆட்சித்தமிழில் உள்ளது. 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தைத் தொடர்ந்து அரசுக் கடிதங்கள் தமிழுக்கு மாறியபோது, முந்தைய கடிதங்களைப் பட்டியலிடும் இடத்தில் ஆங்கில 'ரெஃபரன்ஸ்' என்பதற்கு ஈடாகப் 'பார்வை' நிலைபெற்றது. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் 'திரும்பக் கொண்டுசெல்லுதல்' என்ற பொருளது. அதில் கண்ணுக்கு இடமில்லை. 'மேற்கண்ட' என்பதும் அத்தகையதே. அதற்கு நேரான ஆங்கிலத் தொடர்கள் பெரும்பாலும் சொல்லுதலைக் குறிப்பன. உரையாசிரியரின் 'மேற்கூறிய' அவற்றுக்கு இன்னும் நெருக்கமானது. ஆங்கிலம் பேச்சையோ எடுத்துச் செல்லுதலையோ சுட்டும் இடங்களில் அலுவலகத் தமிழ் தானாகவே காட்சியைத் தேர்ந்துள்ளது.

கடலூர் மாவட்டத்து மேல்பட்டாம்பாக்கம் போன்ற ஒரு பேரூராட்சியின் கடிதத்திலும் இவ்வமைப்பே இருக்கும்: பெறுநர், பொருள், பார்வை. அடுத்து 'பார்வையில் காணும் கடிதத்தின்படி' என்று உடற்பகுதி தொடங்கும். பார், காண் என்னும் இரு வினைகளும் ஒரே தொடரில் அடுத்தடுத்து நிற்க, காணப்படும் கடிதமோ வேறொரு கோப்பில் இருக்கும். பெறுநர் வரிசை 'அவர்கள்' என்ற மதிப்புச் சொல்லோடு படர்க்கையில் அமைவது, கோனோலையில் 'நாட்டார்' அமைந்த அதே இடம்.