வெள்ளைச் சேலைக்கு முந்தைய கடிதங்கள்

கே.பி.சுந்தராம்பாள் என்றதும் நம்மில் பலருக்கும் 'ஔவையார்' படத்துக் கிழவிதான் நினைவுக்கு வருவார். 1953இல் அது வெளியானபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கணவர் கிட்டப்பா இறந்தபின் வெள்ளை உடுத்தியவர், எந்த ஆணுடனும் ஜோடியாக நடிக்காதவர் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கைகூப்பாத குறையாகச் சொல்வார்கள். இன்று அந்தக் கணவரைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

எஸ்.ஜி.கிட்டப்பா 1906இல் செங்கோட்டையில் பிறந்தவர். சிறு வயதிலேயே மேடையேறி, கண்ணையா கம்பெனியின் 'தசாவதாரம்' போன்ற நாடகங்களில் பெயர் வாங்கினார். ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டின் சொல் புரிய வேண்டும். கிட்டப்பாவின் உச்ச ஸ்தாயி அங்கே போய்ச் சேர்ந்தது. இசைத்தட்டில் கேட்டாலே சிலிர்க்கிறது, நேரில் கேட்டவர்கள் எப்படித் தாங்கினார்களோ!

இந்த ஜோடி முதலில் சேர்ந்தது தமிழ்நாட்டில் அல்ல, கடல் கடந்து கொழும்பில், 1926இல். அவர் வேலன், இவர் வள்ளி. ஊர் ஊராக 'வள்ளி திருமணம்' நடந்தது, கூட்டம் அலைமோதியது. அடுத்த ஆண்டே கல்யாணம். கிட்டப்பாவுக்கு அதற்கு முன்பே மனைவி உண்டு.

வீட்டுக்குள் சந்தேகம், சண்டை, குடி. சுந்தராம்பாள் கர்ப்பமாக இருந்த நாட்களில் அவர் பக்கத்தில் இல்லை. அப்போது அந்த அம்மாள் எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. கோபிக்கிறார், குற்றம் சாட்டுகிறார், அடுத்த வரியிலேயே வரச்சொல்லிக் கெஞ்சுகிறார். மேடையில் வள்ளியின் பின்னால் அலைந்து பாடிய மனிதரை வீட்டுக்கு வரவழைக்கக் கடிதம் மேல் கடிதம் போட வேண்டியிருந்தது. பிறந்த குழந்தையும் சில நாட்களே உயிரோடிருந்தது.

1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார், வயது 27. அன்று விதவையானவர்கள் இருவர். முதல் மனைவியின் துக்கத்தை யாரும் கதையாகச் சொல்லவில்லை. மேடை வெளிச்சம் பட்ட துக்கம்தான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

சுந்தராம்பாளின் வெள்ளைச் சேலையைக் கற்பின் அடையாளமாகவே சொல்லிச் சொல்லி, கிட்டப்பாவையும் சேர்த்துப் புனிதமாக்கிவிட்டோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த அம்மாளின் தனிமை 1933இல் தொடங்கியது அல்ல என்பதைக் கடிதங்களே சொல்கின்றன. அந்த அன்பு பொய் என்றும் நான் சொல்ல மாட்டேன். இருபத்தைந்து வயதில் எடுத்த முடிவைக் கடைசிவரை காப்பாற்றினார். 1935இல் 'நந்தனார்' படத்துக்கு அழைத்தபோது, தட்டிக்கழிக்க ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். தயாரிப்பாளர் சம்மதித்துவிட்டார். வைராக்கியம் கெடவில்லை, ஏனென்றால் நந்தனாராக ஆண் வேஷமே போட்டார்.

நேரமாகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.