அலஹாபாத்தின் பச்சைக்கல் ஆமை

இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரே கல்லில் வடித்த ஆமை ஒன்றைக் காண்கிறோம். எடை ஏறத்தாழ 41 கிலோகிராம். கங்கை, யமுனை ஆறுகளில் வாழும் ஓர் இனத்தின் பெண் ஆமை இது என்று உயிரியலார் இனங்கண்டு கூறுமளவுக்கு அதன் ஓடும் நகங்களும் நுட்பமாக அமைந்துள்ளன.

ஜேட் எனப்படும் இப்பச்சைக்கல்லைப் பாரசீகர் 'யஷ்ம்' என்றனர். கோத்தன் நாட்டு ஆறுகளில் கிடைத்த இக்கல்லைச் சீனப் பேரரசர்களைப் போலவே முகலாயரும் பெரிதும் போற்றினர். உளிக்கு எளிதில் இணங்காத கல் அது. கடினமான பொடியிட்டு, பொறுமையுடன் தேய்த்துத் தேய்த்தே உருவமாக்க வேண்டும்.

தந்தை அக்பருடன் பிணங்கிய இளவரசர் சலீம், 1600 முதல் 1604 வரை அலஹாபாத்தில் தனி அவை நடத்தினார். பின்னாளில் ஜஹாங்கீராக அரியணை ஏறி, விலங்குகளையும் பறவைகளையும் கூர்ந்து நோக்கித் தம் வரலாற்றில் எழுதிவைத்தவர் அவரே. அவருடைய அரண்மனைக்கென இவ்வாமை செய்யப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

அலஹாபாத் 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1803இல், அங்கே ஒரு குளத்தின் அடியிலிருந்து ஆமை வெளிப்பட்டது. வங்காளப் பொறியியல் படையின் அலெக்சாண்டர் கைட் அதனைப் பெற்றார். பின்னர் தாமஸ் வில்கின்சன் என்பாரின் உயிலின்படி 1830இல் அருங்காட்சியகத்தை அடைந்தது.

எடுத்தவர் பெயரும் கொடுத்தவர் பெயரும் ஏட்டில் நிலைத்துவிட்டன. வடித்தவர் பெயரோ நமக்கு எட்டவில்லை. அரசர்களின் வரலாற்றைப் படிக்கும் நாம், அந்தப் பெயரற்ற கைகளையும் நன்றியுடன் நினைத்தல் தகும்.