தலைமுறை

'தலைக்கு இவ்வளவு' என்று பங்கு வைக்கும்போது தலை என்பது ஓர் ஆள். முறை என்றால் வரிசை, உறவும் அதுதான். இலங்கை மலையகத்தில், ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் "அவரு ஒனக்கு என்னா மொறை?" என்று கேட்பது உறவைத்தான். ஒருவர்பின் ஒருவராய் வரும் ஒழுங்கும், அவர்களைப் பிணைக்கும் உறவும் இந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

வரலாற்றை ஆராய்ந்தவர்கள் தலைமுறையை அளவுகோலாக்கினார்கள். 14ஆம் நூற்றாண்டின் இப்னு கல்தூன், ஓர் அரசமரபு பெரும்பாலும் மூன்று தலைமுறைக்கு மேல் நிலைக்காது என்றார். தலைமுறைக்கு 40 ஆண்டு அவர் கணக்கு. அமெரிக்க வரலாறு ஏறத்தாழ 80 ஆண்டுக்கொரு முறை சுழல்வதாக ஸ்ட்ராஸும் ஹவ்வும் 1990களில் எழுதினார்கள். அந்தச் சுழற்சியை என்னால் ஏற்க முடியவில்லை. இளமையில் ஒரே வரலாற்று அனுபவத்துக்குள் அகப்பட்டவர்களே ஒரு தலைமுறை என்று 1928இல் எழுதிய கார்ல் மன்ஹைம்தான் மலையகத்துக்குப் பொருந்துகிறார்.

இங்கே தலைமுறையைச் சட்டமே எண்ணியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிக் குடியுரிமை பெறத் தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டன், பூட்டன் இருவரும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே தேடுவது? மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவரானார்கள். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அண்ணன் அக்கரையில், தம்பி லயத்தில் என்று குடும்பங்கள் பிரிந்தன. அந்தப் பிரிவை வாலிபத்தில் கண்டவர்கள், பிறந்த ஆண்டு எதுவானாலும், ஒரே தலைமுறை. 1964 அக்டோபர் 30 முதல் இங்கேயே வாழ்ந்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தோருக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது.