பெருங்கழுகுகளின் வலசையும் செயற்கைக்கோள் வழித்தடமும்: ஊசுட்டேரிக் கரையிலிருந்து ஒரு நோக்கு

1. ஆய்வின் களம்

புதுச்சேரியின் மேற்கு விளிம்பான ரெட்டியார்பாளையத்தைக் கடந்து சில கிலோமீட்டர் போனால் ஊசுட்டேரி. ஏரியின் ஒரு பகுதி புதுவையையும் மறுபகுதி தமிழ்நாட்டையும் சேர்ந்தது. புதுவைப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வடக்கே மரக்காணம் பக்கமுள்ள கழுவேலி 2021இல் அந்தத் தகுதியைப் பெற்றது. மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் வடபுலத்துப் பறவைகள் இறங்கும் ஈரநிலங்கள் இவை.

தமிழக ஈரநிலங்களுக்குக் குளிர்காலத்தில் வரும் பெருங்கழுகுகளில் பெரும்புள்ளிக் கழுகு முதன்மையானது. சிறகு விரித்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் இருக்கும். கூடு கட்டுவதோ கிழக்கு ஐரோப்பா முதல் ருஷ்யாவின் தூரக் கிழக்கு வரை பரந்த சதுப்புக் காடுகளில். நம் ஏரிக்கரையில் நின்று தொலைநோக்கியில் பார்ப்பவருக்குப் பறவை தெரியும். அது வந்த வழி தெரியாது. அந்த வழியைக் காட்டும் கருவியையும், அது சொல்லும் செய்தியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. வளையம் சொல்லாதது

பறவையின் காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி விடுவது பழைய முறை. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டுகளாகச் செய்துவரும் அரும்பணி அது. ஆனால் வளையம் பேச வேண்டுமென்றால் அதே பறவை மறுபடி எவர் கையிலாவது சிக்க வேண்டும். அப்படிச் சிக்கினாலும் இரண்டு புள்ளிகள்தான் கிடைக்கும். இடைப்பட்ட ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வெற்றிடமாகவே இருக்கும்.

3. ஆர்கோஸ்

இந்த வெற்றிடத்தை நிரப்பியது ஆர்கோஸ். பிரான்சின் விண்வெளி ஆய்வு மையமும் அமெரிக்காவின் நாசா, நோவா அமைப்புகளும் சேர்ந்து 1978இல் தொடங்கிய ஏற்பாடு இது. கடல் மிதவைகளிலிருந்தும் வானிலைக் கருவிகளிலிருந்தும் தகவல் திரட்டுவதே முதல் நோக்கம். பறவைகள் பின்னர்தான் வந்து சேர்ந்தன.

கழுகின் முதுகில் டெஃப்லான் நாடாவால் கட்டிய சிறு கருவி, குறித்த அலைவரிசையில் விட்டுவிட்டு வானொலி அலையை அனுப்பும். துருவப் பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும்போது அந்த அலைவரிசை சற்று உயர்ந்து பிறகு தாழ்வதாகப் பதிவாகும். நம்மை நெருங்கும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், கடந்து போனதும் மந்தமாகவும் கேட்பதைப் போன்றது இது. டாப்ளர் விளைவு என்பார்கள். அந்த மாற்றத்தைக் கணக்கிட்டால் பறவையின் இடம் கிடைக்கும். நல்ல பதிவில் பிழை 250 மீட்டருக்குள் அடங்கும். மோசமான பதிவில் கிலோமீட்டர்கள் தள்ளிப்போகும். இப்போதைய கருவிகள் ஜி.பி.எஸ். மூலம் தம் இடத்தைத் தாமே அறிந்து, அந்த எண்களை மட்டும் அனுப்புகின்றன. பிழை சில மீட்டராகக் குறைந்துவிட்டது. மின்கலத்துக்கு வெயிலே தீனி.

புதுவை வாசகர் இங்கே சற்று நிற்கலாம். 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி20 ஏவிய ‘சரள்’, இஸ்ரோவும் பிரெஞ்சு விண்வெளி மையமும் சேர்ந்து செய்தது. அதில் ஆர்கோஸ் ஏற்பியும் இருந்தது. 2022 நவம்பர் 26 அன்று சென்ற ஓஷன்சாட்-3இலும் ஆர்கோஸ் கருவி உண்டு. ஆக, உலகின் எந்த மூலையில் பறக்கும் கழுகின் குரலையும் நம் கிழக்குக் கரையிலிருந்து கிளம்பிய செயற்கைக்கோள்கள் கேட்டிருக்கக் கூடும். இந்தப் பெருமை நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டியது.

4. எடையின் எல்லை

பறவையின் உடல் எடையில் 3 விழுக்காட்டுக்கு மேல் சுமத்தக் கூடாது என்பது களத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் விதி. தொடக்க காலக் கருவிகள் கனமானவை. அதனால்தான் 1984இல் அமெரிக்க வெண்தலைக் கழுகு போன்ற பெரும்பறவையே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2013இல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே மூன்று அமூர் வல்லூறுகளுக்குப் பூட்டிய கருவிகள் வெறும் 5 கிராம்.

5. வழித்தடம் காட்டிய உண்மைகள்

அந்த வல்லூறுகள் இந்தியத் தீபகற்பத்தைக் கடந்து, அரபிக்கடலை ஒரே மூச்சில் தாண்டி ஆப்பிரிக்கா சேர்ந்தன. பெருங்கழுகுக்கு அது இயலாது. சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றில் வட்டமிட்டு ஏறி, சிறகசைக்காமல் சரிந்து, மீண்டும் ஏறிச் செல்வது அதன் பயணம். கடல்மேல் அப்படிப்பட்ட காற்று அரிது. எனவே அது நிலத்தை ஒட்டியே போகும். நீரைக் கடக்க வேண்டியிருந்தால் குறுகலான இடத்தைத் தேடும். ஜெர்மானிய ஆய்வாளர் மெய்பர்க் குழுவினர் தொடர்ந்த, மற்றொரு பெருங்கழுகு இனமான புல்வெளிக் கழுகுகள் செங்கடலைச் சுற்றியே பயணம் செய்தன: இலையுதிர்காலத்தில் தெற்கே பாப்-எல்-மண்டெப் நீரிணை வழியாகச் சென்றவை, வசந்தத்தில் வடக்கே சூயஸ் பக்கமாகத் திரும்பின. போகும் வழி வேறு, வரும் வழி வேறு என்பது வளையங்களை மட்டும் வைத்துத் துலங்கியிருக்காது.

கைப்பேசிக் கோபுரம் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் கருவிகளும் வந்துவிட்டன. செலவு குறைவு என்பது இவற்றின் பலம். ஆனால் 2019இல் ‘மின்’ என்ற புல்வெளிக் கழுகு, கோபுரமில்லாத கசகஸ்தான் வெளிகளில் கோடையைக் கழித்துவிட்டு, ஈரானில் இணைப்பு கிடைத்ததும் சேர்த்து வைத்த செய்திகளை ஒருசேரக் கொட்டியது. ஒரு செய்திக்கு 49 ரூபிள். ருஷ்ய ஆய்வாளர்களின் பணம் கரைந்தது. மக்கள் நிதி திரட்டினார்கள், தொலைபேசி நிறுவனம் சலுகைக் கட்டணம் தந்தது. எல்லை கடக்கும் பறவைக்கு எந்தத் தொடர்புமுறை பொருந்தும் என்பது அறிவியல் கேள்வி மட்டுமல்ல, பணக் கேள்வியும்கூட.

6. குளிர்கால முனை

கருவி பெரும்பாலும் கூட்டிலுள்ள குஞ்சுகளுக்கே பூட்டப்படுகிறது; வளர்ந்த கழுகைப் பிடிப்பது கடினம். ஆனால் சாவு காத்திருப்பது பல நேரங்களில் குளிர்கால வெளிகளில். சடலம் தின்னும் பறவைகளுக்கு நஞ்சாகும் டைக்ளோஃபினாக் என்ற வலிநீக்கி மருந்தைக் கால்நடைகளுக்குத் தருவதை இந்தியா 2006இல் தடைசெய்தது. அதற்குப் பின்னும் ராஜஸ்தானின் பிகானேர் அருகே இறந்துகிடந்த புல்வெளிக் கழுகுகளின் உடலில் அம்மருந்து இருந்ததை 2014இல் வெளியான ஆய்வு நிறுவியது. அதுவரை பிணந்தின்னிக் கழுகுகளின் துயரமாகவே அது பேசப்பட்டது. மின்கம்பியில் சிக்கி இறக்கும் கழுகுகளும் உண்டு.

ஒரே இடத்தில் நாள்கணக்கில் அசையாத புள்ளி, பறவை வீழ்ந்ததையோ கருவி கழன்றதையோ குறிக்கும். அந்த இடத்துக்கு உடனே ஆள் போய்ப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும். ஆகவே ஊசுட்டேரி, கழுவேலி போன்ற இடங்களில் வேண்டுவன இரண்டு என்பது என் முடிபு. ஒன்று, ஏரிக்கரைக் காவலரும் பறவை ஆர்வலரும் பயிற்சி பெற்று, வெளிநாட்டுக் குழு தரும் இடக்குறிப்புக்கு அன்றே நேரில் செல்லும் ஏற்பாடு. இரண்டு, எருக்குழியிலும் குப்பைமேட்டிலும் வீசப்படும் கால்நடைச் சடலங்களையும், ஏரியோர மின்கம்பிகளையும் ஆண்டுதோறும் கணக்கெடுப்பது. இரண்டுக்கும் விண்கலம் தேவையில்லை. புதுவையும் தமிழ்நாடும் ஒரே ஏரியின் இருகரையில் சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.