லாஸ் பீன்யாஸ் மூங்கில் ஆர்கன்

பிலிப்பீன்ஸ் தலைநகர் மணிலாவுக்குத் தெற்கே உள்ள லாஸ் பீன்யாஸ் நகரில், புனித சூசையப்பர் பங்கு ஆலயத்தின் பாடகர் மாடத்தில் இருக்கும் குழல் ஆர்கன். இதன் குழல்கள் 1,031. அவற்றில் 902 மூங்கில், 129 உலோகம். 1824இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த இசைக்கருவி, இடையில் பல்லாண்டுகள் ஊமையாகக் கிடந்து மீண்டு, இன்றும் வாசிக்கப்படுகிறது.

இதைக் கட்டியவர் தியேகோ சேரா என்ற ஸ்பானியத் துறவி. 1762இல் அரகோன் பகுதியின் கிராவுஸ் ஊரில் பிறந்தவர். அகுஸ்தீனார் சபையின் ரெக்கலெக்ட் பிரிவைச் சேர்ந்தவர். 1792இல் மணிலா வந்தார். 1795இல் லாஸ் பீன்யாஸின் பங்குக்குருவாகி, 1832 வரை அங்கேயே பணியாற்றினார். மீன்பிடியும் உப்பளமும் வயலுமாக இருந்த ஏழை ஊர் அது. கற்கோயிலையும் அவரே எழுப்பினார். மணிலாவில் முன்பே ஆர்கன் கட்டிய அனுபவம் அவருக்கு இருந்தது. ஆகவே மூங்கிலை எடுத்தது தெரியாத்தனம் அல்ல. உலோகத்துக்குச் செலவழிக்க வழியில்லாத பங்கில் கைக்கு எட்டிய பொருளைத் தேர்ந்தார் என்று கொள்வதே பொருத்தம்.

வெட்டிய மூங்கில் உளுத்துப்போகும். சேரா 1816இல் மூங்கில்களை வெட்டிக் கடலோர மணலில் புதைத்து வைத்தார். அடுத்த ஆண்டு தோண்டியெடுத்தபோது பூச்சி தின்னாமல் தப்பியவற்றைக் கொண்டே வேலையைத் தொடங்கினார். சோதனையைக் காலத்திடமே விட்டுவிட்ட இந்த முறைதான் இரு நூற்றாண்டுகளாகக் கருவியைக் காத்து நிற்கிறது.

புல்லாங்குழலில் ஒரே மூங்கில் பல சுரங்களைத் தரும். ஆர்கனில் ஒரு குழலுக்கு ஒரு சுரம்தான். அதன் நீளமே சுருதியைத் தீர்மானிக்கிறது. துருத்தியிலிருந்து காற்றுப் பெட்டிக்கு வரும் காற்று, வாசிப்பவர் கட்டையை அழுத்தும்போது உரிய குழலின் அடியில் புகுந்து, வாய்விளிம்பில் மோதி ஒலியெழுப்பும். ஒரே சுரத்தை வெவ்வேறு ஒலிநிறங்களில் தரத் தனித்தனிக் குழல் வரிசைகள் வேண்டும். எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டுவது இதனால்தான். உலோகத் தகட்டை ஒரே கனத்தில் அடித்துக்கொள்ளலாம். மூங்கிலுக்கு மூங்கில் கனமும் உட்குடைவும் மாறும். கணுக்களைக் குடைந்து, ஒவ்வொரு குழலையும் தனியே பேசவைக்க வேண்டியிருந்தது.

1821இல் ஆர்கன் வாசிக்கத்தக்கதாகியது. ஆனால் எக்காள ஒலி அதில் இல்லை. நாக்கு அதிர்ந்து எழும் அந்தக் கூர்மையை மூங்கிலில் கொண்டுவர முடியாததால், சேரா அந்தக் குழல்களை மட்டும் உலோகத்தில் செய்து 1824இல் சேர்த்தார். அவை நிமிர்ந்து நிற்பதில்லை. பீரங்கி வரிசைபோல் மக்களை நோக்கிக் கிடையாக நீண்டிருக்கும். ஸ்பானிய ஆர்கனின் அடையாளம் இது. இன்னோர் அடையாளம், ஒரே கட்டை வரிசை தாழ்சுரப் பகுதி, மேல்சுரப் பகுதி எனப் பிரிந்திருப்பது. இரண்டுக்கும் தனித்தனி ஸ்டாப்கள் (குழல் வரிசைகளை இயக்கும் பிடிகள்) உண்டு. இடக்கையில் ஒரு நிறமும் வலக்கையில் வேறொரு நிறமுமாக வாசிக்கலாம். கொரேயா தே அரௌஹோ, கபனில்லெஸ் போன்ற 17ஆம் நூற்றாண்டு ஸ்பானிய இசைஞர்கள் இத்தகைய அமைப்புக்கென்றே இயற்றினார்கள். காலால் வாசிக்கும் பெரிய பெடல் வரிசையைக் கேட்கும் வடஜெர்மானியப் படைப்புகளுக்கு இக்கருவி அவ்வளவாக இடம் தராது. பறவைக் குரலுக்கும் முரசொலிக்கும்கூட இதில் ஸ்டாப் உண்டு.

1880இன் நிலநடுக்கமும் அடுத்து வந்த புயலும் ஆலயத்தைச் சிதைத்தன. மழையில் நனைந்த ஆர்கன் நெடுங்காலம் பயன்படாமல் கிடந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நடந்த சில்லறைப் பழுதுபார்ப்புகள் அதை ஓரளவே பேசவைத்தன. முழுச் சீரமைப்புக்காக 1973இல் கருவி பிரிக்கப்பட்டு, ஜெர்மனியின் பான் நகரிலுள்ள கிளைஸ் ஆர்கன் பட்டறைக்குக் கப்பலேறியது. ஐரோப்பியக் குளிர்காலத்தின் வறண்ட காற்றில் மூங்கில் வெடித்துவிடும். அதனால் பிலிப்பீன்ஸின் வெப்பமும் ஈரப்பதமும் கொண்ட தனி அறையில் வைத்து வேலை நடந்தது. இதற்கிடையே பிரான்சிஸ்கோ மன்யோசா உள்ளிட்ட கட்டடக் கலைஞர்கள் ஆலயத்தையும் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தனர். 1975இல் ஊர் திரும்பிய ஆர்கனை, மே 9 அன்று ட்ரியர் பேராலய ஆர்கன் கலைஞர் வொல்ஃப்காங் ஓம்ஸ் வாசித்துத் தொடங்கிவைத்தார். 1976 முதல் ஆண்டுதோறும் பன்னாட்டு மூங்கில் ஆர்கன் விழா நடக்கிறது.

மீட்ட கருவியை வாசிக்க ஒவ்வொரு முறையும் ஐரோப்பாவிலிருந்து ஆள் வரவழைக்க முடியாது. இந்தக் குறையைத் தீர்த்ததில் பெல்ஜியக் குரு லியோ ரெனியருக்குப் பெரும் பங்குண்டு. அவர் உருவாக்கிய லாஸ் பீன்யாஸ் சிறுவர் பாடற்குழுவில் பாடிய அர்மாந்தோ சலார்சா, பின்னர் ஆஸ்திரியாவின் கிராஸிலும் வியன்னாவிலும் ஆர்கன் பயின்று ஊர் திரும்பினார். இன்று ஆலயத்தின் நிலையான ஆர்கன் கலைஞரும் விழாவின் கலை இயக்குநரும் அவரே. பாடற்குழுக்களையும் நடத்துகிறார். கச்சேரிக்கு மட்டும் வந்துபோகும் கலைஞருக்கும் இவருக்கும் வேறுபாடு உண்டு: பிசுபிசுத்த நாளில் எந்தக் குழல் சுருதி விலகும் என்பதைப் பல ஆண்டுப் பழக்கம்தான் கற்றுத்தரும்.

கருவியைப் பராமரிக்கும் கைகளும் உள்ளூரிலேயே உருவாயின. ஐரோப்பியப் பட்டறைகளில் பயின்ற லாஸ் பீன்யாஸ் இளைஞர்கள் 1994இல் தியேகோ சேரா ஆர்கன் பில்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். என் பார்வையில், 1975இன் கோலாகலத்தைவிட இதுவே பெரிய நிகழ்வு. 2003இல் பிலிப்பீன்ஸ் தேசிய அருங்காட்சியகம் ஆர்கனைத் தேசியப் பண்பாட்டுப் பொக்கிஷமாக அறிவித்தது. அதையொட்டி நடந்த பெரிய பராமரிப்பு வேலைக்குக் கப்பல் தேவைப்படவில்லை. அதை இந்த நிறுவனமே செய்துமுடித்தது. பொஹோல் தீவின் பக்லயோன் ஆலயத்தில் பேச்சற்றுக் கிடந்த ஸ்பானியக் கால ஆர்கனைச் சீரமைத்தவர்களும் இவர்கள்தான்.