முதலில் ஏற்றியவர்கள், முதலில் அணைத்தவர்கள்

மின்சாரத்தின் வரலாற்றைப் படிக்கும் நாம் பெரும்பாலும் 1882ஆம் ஆண்டிலேயே வந்து நிற்கிறோம். எடிசனின் மின்நிலையங்கள் இலண்டனின் ஹோல்பர்ன் பகுதியிலும் நியூயார்க்கின் பேர்ல் தெருவிலும் இயங்கத் தொடங்கிய ஆண்டு அது. ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பே, 1881ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், பொதுத் தெருக்களுக்கும் விரும்பிய வீடுகளுக்கும் மின்சாரம் வழங்கிய ஊர் ஒன்று உண்டு. அது பெருநகரமன்று; இலண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில், வே ஆற்றின் கரையில் அமைந்த கொடால்மிங் என்னும் சிறு நகரம்.

அங்கே மின்விளக்கு வந்த கதை ஆய்வுக்கூடத்தில் தொடங்கவில்லை. நகராட்சி மன்றத்தின் வரவு செலவுக் கணக்கில் தொடங்கியது. தெருக்களில் அதுவரை எரிந்தது எரிவாயு விளக்கு. ஒப்பந்தக் காலம் முடிந்தபோது, விளக்குக் கட்டணம் குறித்து மன்றமும் எரிவாயு நிறுவனமும் உடன்பட இயலவில்லை. அவ்வேளையில் கால்டர், பாரெட் என்போரின் நிறுவனம் மின்விளக்குகளை அமைத்துத்தர முன்வந்தது. மன்றம் இசைந்தது.

வெஸ்ட்புரூக் என்னுமிடத்தில் இருந்த தோல் ஆலையின் நீர்ச்சக்கரமே மின்சாரம் ஆக்கும் பொறியைச் சுழற்றியது. நெடுந்தெருவில் கண்ணைப் பறிக்கும் ஆர்க் விளக்குகள். பக்கத் தெருக்களில் ஸ்வான் கண்டுபிடித்த சிறிய இழை விளக்குகள். தெருவைத் தோண்டிக் கம்பி புதைப்பதற்குச் சட்ட அதிகாரம் இல்லாமையால், கம்பிகளைச் சாலையோரச் சாக்கடைகளின் வழியே கொண்டுசென்றனர். அதற்கான சட்டம் 1882இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இடர்களும் உடன் வந்தன. ஆற்றில் வெள்ளம் பெருகியபோது சக்கரத்தை நம்ப இயலவில்லை. எனவே பொறியை ஊருக்குள் கொணர்ந்து, நீராவி எந்திரத்தால் இயக்கினர். பொறுப்பை சீமென்ஸ் நிறுவனம் ஏற்றது. ஆயினும் வீடுகளுக்கு மின்சாரம் கேட்டோர் மிகச் சிலரே. தெருவிளக்குக் கட்டணத்தை மட்டும் கொண்டு அப்பணி தன் காலில் நிற்க முடியவில்லை. 1884இல் மன்றம் மீண்டும் எரிவாயுவுக்கே திரும்பியது. மின்சாரம் அவ்வூருக்கு மறுபடியும் வந்தது 1904இல். இருபது ஆண்டுகள் கழித்து.

இதைப் பின்னடைவு என்று சொல்லிவிடுவது நமக்கு எளிது. ஆனால் அந்த மன்ற உறுப்பினரின் இருக்கையில் சற்றே அமர்ந்து பார்ப்போம். அவர்கள் கையில் இருந்தது ஊரார் செலுத்திய வரிப்பணம். உலகில் முதல்வர் என்னும் பெயர், வேலை முடிந்து இருளில் வீடு திரும்புபவருக்கு வழி காட்டாது. நள்ளிரவில் பிரசவம் பார்க்க விரையும் மருத்துவச்சிக்குத் தேவை புதிய விளக்கன்று, அணையாத விளக்கு. அவர்களை நாம் சான்றோர் ஆக்கிவிடவும் வேண்டாம். ஏற்றியபோதும் அணைத்தபோதும் அவர்கள் முன் இருந்தது பெரிதும் செலவுக் கணக்கே. எனினும், பெருமைக்காக ஊர்ப்பணத்தைத் தொடர்ந்து இறைக்காமல், எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள அவர்கள் அஞ்சவில்லை. பொதுப்பணியில் இருப்போர் பலருக்கு வாய்க்காத துணிவு இது.

மற்றொன்றும் நம் சிந்தனைக்குரியது. நெடுந்தெருவுக்குப் பேரொளி, பக்கத் தெருக்களுக்குச் சிற்றொளி. அன்றைய கருவிகளின் இயல்பும் அதற்குக் காரணம். ஆர்க் விளக்கின் கடும் ஒளி குறுகிய தெருவுக்கு ஒவ்வாது. ஆனால் அந்த வேறுபாட்டைக் கருவிகள் மட்டுமா உண்டாக்குகின்றன? நெடுந்தெருவை வெளியூரார் காண்கின்றனர்; சந்துகளில் நடப்போர் ஊராரே. எனவே மெச்சப்படும் இடத்திலேயே முதலில் ஒளியேற்ற எந்த மன்றத்துக்கும் மனம் தூண்டும்.

ஒளி எங்கே வேண்டும் என்று முடிவுசெய்யும் பொறுப்பு, சிறிய அளவிலேனும், நம்மில் பலருக்கு ஏதோ ஒரு குழுவில் வாய்க்கிறது. அப்போது நாம் கேட்க வேண்டியவை இரண்டு: இவ்விளக்கு நாளை இரவும் எரியுமா? சந்தின் கடைசி வீட்டார் நடக்கவும் அந்த ஒளி போதுமா?