உப்பிலிருந்து பிறந்து உப்பாக முடியும் சோடியம்

செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையில் கேளம்பாக்கம், கோவளம் உப்பளங்களைப் பலரும் கண்டிருப்பர். அதே கரையில் மாமல்லபுரத்திற்குத் தெற்கே கல்பாக்கம் உள்ளது. அங்குள்ள சோதனை வேக ஈனுலை 1985 அக்டோபர் 18-ஆம் நாள் முதன்முதலாகத் தொடர்வினையை எட்டியது. அதன் வெப்பத்தைச் சுமந்து செல்வது நீரன்று, உருகிய சோடியம். உப்பளத்துச் சோடியத்திற்கும் உலைக் குழாயில் ஓடும் சோடியத்திற்கும் என்ன வேறுபாடு? ஓர் எலக்ட்ரான்தான்!

சோடிய அணுவின் வெளிக்கூட்டில் ஒரே எலக்ட்ரான் உண்டு. அதைப் பிரிக்க 5.14 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். எளிதில் எலக்ட்ரானை ஈவதால் சோடியம் வலிமை மிக்க ஒடுக்கியாகும். 1807-இல் ஹம்ப்ரி டேவி உருகிய எரிசோடாவில் மின்சாரம் செலுத்தி இவ்வுலோகத்தைப் பிரித்தெடுத்தார்.

மாணவர்கள் ஆய்வகத்தில் செய்யும் லாசிகன் சோதனையை நினைவுகூர்க. பென்சீன் வளையத்தில் அமைந்த குளோரின், வெள்ளி நைட்ரேட்டுக்கு எளிதில் வெளிப்படாது. குளோரினின் இணை எலக்ட்ரான்கள் வளையத்தோடு உறவு கொள்வதால் அப்பிணைப்பு உறுதியானது. சோடியத்துடன் பழுக்கக் காய்ச்சினால் குளோரின் அயனியாகிவிடும். வடிநீரில் வெண்ணிற வீழ்படிவு தோன்றும்.

1860-களில் ஜெர்மானிய வேதியியலார் ஃபிட்டிக், புரோமோபென்சீனுடன் சோடியத்தைச் சேர்த்தார். புரோமின் நீங்க, இரு வளையங்கள் இணைந்து பைபீனைல் கிடைத்தது. இதே பைபீனைலில் குளோரினை ஏற்றிய பி.சி.பி. எண்ணெய்கள் 1929 முதல் தொழில்முறையில் உற்பத்தியாயின. எளிதில் தீப்பற்றா; மின்சாரத்தைக் கடத்தா. ஆகவே மின்மாற்றிகளில் இடம்பெற்றன. ஆனால் அவை எளிதில் சிதைவதில்லை. உயிரினங்களின் கொழுப்பில் சேர்கின்றன. குறைந்த வெப்பத்தில் எரித்தாலோ அவற்றினும் கொடிய டையாக்சின், ஃபியூரான் வகைச் சேர்மங்கள் தோன்றக்கூடும்.

இங்குதான் பழைய சோடியம் மீண்டும் கைகொடுத்தது. பி.சி.பி. கலந்த எண்ணெயை நீக்கமறச் சோடியத்துடன் வினைப்படுத்தும் முறைகள் 1980-களில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தன. சோடியம் தரும் எலக்ட்ரான் வளையத்தில் நுழைகிறது. குளோரின் அயனியாக வெளியேறுகிறது. வளையம் குளோரினின்றி எஞ்சுகிறது. எண்ணெயையும் மீட்கலாம். ஆயினும் எல்லைகள் உண்டு. எண்ணெயில் ஈரம் இருப்பின் சோடியம் அதனுடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். பி.சி.பி. மிகுந்திருந்தால் சோடியமும் மிகுதியாக வேண்டும். சோடியத்தீயின் மீது கார்பன் டெட்ராகுளோரைடைத் தெளித்தால் வெடிக்கும் என்பதும் குளோரின் மீது இவ்வுலோகம் கொண்ட அதே வேட்கையின் விளைவே.

இந்தியா 2016-இல் பி.சி.பி. உற்பத்தியையும் இறக்குமதியையும் தடைசெய்தது. 2025 டிசம்பர் 31-க்குள் பயன்பாடு முற்றிலும் நிற்கவேண்டும் என விதித்தது. ஆணையால் பயன்பாட்டை நிறுத்தலாம். பழைய மின்மாற்றிகளில் தங்கிய குளோரினைப் பிரிக்க எலக்ட்ரான்தான் வேண்டும்.

உருகிய உப்பில் மின்சாரம் செலுத்தியே இன்று சோடியம் பெறப்படுகிறது. அவ்வாறு செலவிட்ட ஆற்றலே குளோரினைப் பிரிக்கும் வலிமையாக அதில் தங்குகிறது. பணி முடிந்ததும் எஞ்சுவது சோடியம் குளோரைடு. அதாவது, கேளம்பாக்கத்தில் விளையும் அதே உப்பு!